காயத்தை ஆற்றுவதே!

(தலைப்பு: ‘முன்னோர் பட்ட துயரத்தைத் தேடித் தெரிந்துகொள்வது காயத்தைக் கிளறுவதா, காயத்தை ஆற்றுவதா?’ ‘ஆற்றுவதே’ அணியின் மூன்றாவது பேச்சு.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எங்களைக் கிளறுவதற்கென்றே வந்து உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே! 

எனக்கு முன்னாலே பேசிய எதிரணி அம்மா ரொம்ப அழகாகச் சொன்னார்கள். “பழசைக் கிளறாதீங்க, கிளறினா புண்ணுதான் வரும்” என்றார்கள். நான் அவங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். முன் வரிசையிலேதான் உட்கார்ந்திருக்கார். அவர் கண்ணிலே தண்ணி நிக்குது! (சிரிப்பு) ஏன்னா, கல்யாணத்தன்னைக்குப் பந்தியிலே அவங்க மாமியார் சொன்ன ஒரு சொல்லை இந்த அம்மா இருபத்தஞ்சு வருஷமா விடாம கிளறிக்கிட்டு இருக்காங்களாம்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அம்மா, உங்க மாமியார் சொன்னதைக் கிளறலாம், உங்க பூட்டனார் பட்டதைக் கிளறக் கூடாதா? இது என்ன நியாயம் ஐயா?

சரி, இந்தத் தலைப்புக்கு முதல்லே ஒரு சின்னப் பரிட்சை. இங்கே உட்கார்ந்திருக்கிறவங்கள்ல, உங்க தாத்தாவுடைய அப்பா பேர் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க பார்க்கலாம். ஒண்ணு, ரெண்டு, அங்கே மாடியிலே ஒரு அஞ்சாறு. எதிரணித் தலைவர் கையையே காணோம்! (சிரிப்பு) அவருக்குப் பிடிச்ச நடிகருடைய ஏழாவது படம் எதுன்னு கேட்டிருந்தா ரெண்டு கையையும் தூக்கியிருப்பார். எங்க பக்கத்து வீட்டுப் பையன்கிட்டே, “தம்பி, கொள்ளுத் தாத்தா பேர் என்னப்பா?”ன்னு கேட்டேன். “கொள்ளுன்னா குதிரைக்குப் போடுறதுதானே அங்கிள்”ங்கறான்! (சிரிப்பு)

இதுதான் நம்ம நிலைமை. ராஜராஜன் பேர் கல்வெட்டிலே இருக்கு. அவன் கட்டின கோயிலுக்குக் கல் சுமந்த நம்ம பாட்டன் பேர் எங்கே இருக்கு? ஏழை வீட்டுச் சரித்திரம் கல்வெட்டிலே கிடைக்காது ஐயா. அது கப்பல் பட்டியலிலே கிடைக்கும். தோட்டத்துக் கூலிக் கணக்கிலே கிடைக்கும். தகரப் பெட்டிக்கு அடியிலே மணியார்டர் துண்டிலே கிடைக்கும். அப்படி ஒரு தகரப் பெட்டியைத்தான் நான் இன்னைக்கு இந்த மேடையிலே திறக்கப் போறேன். எங்க வீட்டுப் பெட்டி.

எங்க அப்பாயி, அதாவது அப்பாவைப் பெத்தவங்க, முசிறிக்குப் பக்கத்துக் கிராமம். காவேரிக் கரை. அவங்களுக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம், வயித்திலே நாலு மாசம். அப்போ எங்க தாத்தா மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். 1937-ஆம் வருஷம். நாகப்பட்டினத்திலே ‘ரஜூலா’ கப்பல். பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். “அஞ்சு வருஷம், காணியை மீட்டுட்டு வந்துடறேன்”னு சொல்லிட்டுப் போனார். மாசாமாசம் இல்லைன்னாலும் நாலு மாசத்துக்கு ஒரு தடவை மணியார்டர் வரும். கடைசி மணியார்டர் 1941 அக்டோபர்.

அந்த டிசம்பர் 8-ந்தேதி ஜப்பான் படை மலாயாவிலே கோத்தா பாருவிலே வந்து இறங்கிச்சு. அத்தோடு தபால் நின்னு போச்சு. சண்டை 1945-ல் முடிஞ்சது. கப்பல் மறுபடி ஓட ஆரம்பிச்சதும் ஆளுங்க ஒவ்வொருத்தரா ஊர் திரும்பினாங்க. எங்க தாத்தா திரும்பலை. ஒரு கடுதாசி இல்லை. ஒரு தகவல் இல்லை. ஒருத்தர் சொன்னார், “சயாமுக்குக் கொண்டு போனாங்கன்னு கேள்வி”ன்னு. இன்னொருத்தர் சொன்னார், “சயாமாவது ஒண்ணாவது, அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கிட்டு இருக்கான்”னு. ஐயா, ஊர் எந்தச் சேதியை நம்பும்? உங்களுக்கே தெரியும். ரெண்டாவதைத்தான் நம்பிச்சு.

அப்பாயி தாலியைக் கழட்டலை. பொட்டை அழிக்கலை. “அவுக வருவாக”ன்னு ஒரே சொல். எங்க அப்பாவைப் பள்ளிக்கூடத்திலே பசங்க எப்படிக் கூப்பிட்டாங்க தெரியுமா? “ஓடிப்போனவன் மகன்.” அப்பா தன் அப்பன் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. ஆனா அந்த மனுஷன் மேலே எங்க அப்பாவுக்கு ஒரு வெறுப்பு இருந்தது பாருங்க, அது எங்க வீட்டிலே அடுப்பு மாதிரி எரிஞ்சுக்கிட்டே இருந்தது.

1963-லே எங்க அப்பாவுக்குக் கல்யாணம். பத்திரிகை அடிக்கணும். மணமகனின் தந்தை பேருக்கு முன்னாலே ‘திரு’ போடுறதா, ‘அமரர்’ போடுறதா? அச்சகத்துக்காரர் கேட்கிறார். யாருக்கும் பதில் தெரியலை. அப்பாயி, “திருன்னு போடுங்கய்யா”ன்னாங்க. பத்திரிகையைப் பார்த்து ஊர் சிரிச்சது. மணவறைக்குப் பக்கத்திலே அப்பாயி வந்து நின்னாங்க. ஒரு கிழவி எல்லாரும் கேட்கிற மாதிரி, “இவ சுமங்கலியா, இல்லையா? நிக்கலாமா, கூடாதா?”ன்னு கேட்டா. அப்பாயி அப்படியே பின்னாலே போய்ச் சமையல்கட்டு வாசல்லே நின்னுக்கிட்டாங்க. பெத்த மகன் கல்யாணத்தை அங்கே நின்னுதான் பார்த்தாங்க.

எதிரணி நண்பர்களே, நீங்க சொன்னீங்களே, “தெரியாம இருக்கிறதே நிம்மதி”ன்னு. இதுதானா அந்த நிம்மதி? (கைதட்டல்)

எங்க அப்பா தன் பேருக்கு முன்னாலே இருக்கிற இன்ஷியலை விரலாலே தட்டித் தட்டிச் சொல்வார்: “அந்த ஆளு எனக்குக் கொடுத்தது இந்த ஒரு எழுத்துதான்டா.”

1989-லே அப்பாயி செத்துப் போனாங்க. அன்னைக்கும் தெருவிலே பஞ்சாயத்து. மஞ்சள் பூசிப் பூ வைச்சு அனுப்புறதா, வேண்டாமா? எங்க அப்பாதான் எழுந்து வந்தார். “அவ ஐம்பது வருஷம் வச்ச பொட்டு, இருக்கட்டும்”ன்னார். அவ்வளவுதான். அப்புறம் தகரப் பெட்டியைத் திறந்தோம். ரெண்டு சீலை, ஒரு சுருக்குப் பை, பைக்குள்ளே பதினோரு மணியார்டர் துண்டு. ஒவ்வொண்ணிலேயும் மலாயா தபால் முத்திரை. அந்த முத்திரையிலே ஒரு ஊர்ப் பேர். அதுதான் எங்க தாத்தாவைப் பத்தி எங்களுக்குக் கிடைச்ச முதல் எழுத்து ஆதாரம்.

இப்போ இந்தச் சயாம் கதையைக் கொஞ்சம் சொல்லணும் ஐயா. தெரியாதவங்களுக்காக.

‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ன்னு ஒரு இங்கிலீஷ் படம், 1957-லே வந்தது. ஏழு ஆஸ்கார் வாங்கின படம். வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க விசில் அடிச்சுக்கிட்டு அணிவகுத்து வருவாங்க. நாமும் கூடவே விசில் அடிச்சுப் பார்த்தோம். அந்தப் படத்தை எடுத்தது எங்கே தெரியுமா? இலங்கையிலே, கித்துல்கலையிலே. ஆனா அந்த ரயில் பாதை நிஜத்திலே ஓடினது சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவிலே. 415 கிலோ மீட்டர். காடு, மலை, மழை. ஜப்பான் ராணுவம் 1942-லே ஆரம்பிச்சு, 1943 அக்டோபர் 17-ந்தேதி ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் சேர்த்தது. வேலை செய்தவங்க யார்? நேச நாட்டுப் போர்க் கைதிங்க 60,000 பேருக்கு மேலே. அதிலே செத்தவங்க 12,000 பேருக்கு மேலே. படம் சொன்ன கதை இவங்க கதை.

படம் சொல்லாத கதை ஒண்ணு இருக்கு. ஆசியக் கூலி ஆளுங்க. பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்க, மலாய்க்காரங்க, சீனர், நம்ம தமிழ் ஆளுங்க. மொத்தம் 2 லட்சத்துக்கும் மேலே இருக்கலாம். அதிலே 90,000 பேர் வரைக்கும் செத்திருக்கலாம்னு கணக்குப் போடுறாங்க. ‘இருக்கலாம்’, ‘செத்திருக்கலாம்’. கவனிச்சீங்களா ஐயா? சிப்பாய்க்குக் கணக்கு இருக்கு. கூலிக்கு ‘லாம்’தான் இருக்கு. (கைதட்டல்) மலாயாவிலேயிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேலே போனாங்க. அதிலே பெரும்பாலானவங்க ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள்.

2012-லே கோலாலம்பூரிலே ஒரு பட்டிமன்றம். தலைப்பு ‘குடும்பத்தில் பெரிதும் விட்டுக்கொடுப்பது கணவனா, மனைவியா?’ கணவனேன்னு பேசினேன். ஜெயிச்சேன். வீட்டுக்கு வந்து தோத்தேன். (சிரிப்பு) அந்த நிகழ்ச்சி முடிஞ்சதும் மேடைக்குக் கீழே ஒரு அம்மா வந்தாங்க. நான் பேச்சுக்கு நடுவிலே முசிறின்னு சொன்னேன் இல்லையா, அதைப் பிடிச்சுக்கிட்டு, “எங்க தாத்தா ‘முசிறி அண்ணன்’னு ஒருத்தரைப் பத்தி அடிக்கடி சொல்வாருங்க. அவருக்கு இப்போ 86 வயசு. வந்து பாக்குறீங்களா?”ன்னு கேட்டாங்க. “எந்த ஊரும்மா?”ன்னேன். சொன்னாங்க. மணியார்டர் முத்திரையிலே இருந்த அதே ஊர்.

மறுநாளே போனேன். ஒரு சின்னப் பலகை வீடு. சாய்வு நாற்காலியிலே பெரியவர். நான் யாருன்னு சொன்னேன். என் முகத்தையே பார்த்தார். கையைப் பிடிச்சார். விடவே இல்லை. அப்புறம் சொல்ல ஆரம்பிச்சார்.

“தம்பி, 1943-லே எனக்குப் பதினேழு வயசு. ஒருநாள் காலையிலே பெரட்டுக்கு நிக்கும்போது கிராணி பேரு வாசிச்சாரு. ‘மூணு மாசம் வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், திரும்பக் கொண்டாந்து விடுவாங்க’ன்னாரு. லோரி வந்து நின்னிச்சு. உங்க தாத்தா பேரும் வாசிச்சாங்க, என் பேரும் வாசிச்சாங்க. எனக்கு அப்பா கெடையாது. ‘பயப்படாத, நான் இருக்கேன்’னாரு. கூட்ஸ் வண்டியிலே அடைச்சுப் பான்பொங் வரைக்கும். அங்கேயிருந்து மழையிலே நடை. போட்டிருந்த துணி மக்கிப் போச்சு. கோணிச் சாக்கைக் கட்டிக்கிட்டோம். அப்புறம் காலரா வந்திச்சு தம்பி. சோல்ஜருங்களுக்கு அவங்க டாக்டருங்க கூடவே இருந்தாங்க. ‘தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடி’ன்னு சொல்லக்கூட எங்களுக்கு ஆளு இல்ல. ஆத்துத் தண்ணியைக் குடிச்சோம். நேத்து குழி வெட்டினவன் இன்னைக்கு அதே குழியிலே கெடந்தான்.”

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: “ஊர்லே அவருக்கு ஒரு பையன் பொறந்திருந்தானே, இருக்கானா?”

“இருக்கார் ஐயா. எங்க அப்பா. வயசு எழுபத்தஞ்சு.”

“அந்தப் பையனுக்குன்னு வெள்ளி அரைஞாண்கொடி ஒண்ணு வாங்கி இடுப்பிலேயே முடிஞ்சு வச்சிருந்தாரு தம்பி. சயாமுக்கும் கொண்டாந்தாரு. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துக்கிட்டேன். அரிசிக் கஞ்சி இல்லேன்னா செத்துப்போவேன்னு, அந்தக் கொடியை ஒரு சயாம்காரிகிட்டே கொடுத்து அரிசியும் முட்டையும் வாங்கியாந்தாரு. நான் எழுந்திரிச்சேன். அடுத்த பத்து நாள்லே அவருக்குக் காலரா. ஆனி முடிஞ்சு ஆடி பொறக்கப்போற சமயம்னு நெனைக்கிறேன். ‘ஆடி பொறந்திருச்சாடா? ஊர்லே காவேரியிலே தண்ணி வந்திருக்கும்’னாரு. அதுதான் கடைசியாப் பேசினது. உங்க அப்பாவோட கொடியைத் தின்னுதான் தம்பி நான் இவ்வளவு காலம் உயிரோட இருக்கேன்.”

(அரங்கில் நீண்ட அமைதி)

ஐயா, நான் ஒளிக்காம சொல்றேன். எதிரணி சொன்னது எல்லாம் எனக்கு நடந்தது. எனக்குத் தூக்கம் போச்சு. ஒரு மாசம் சோறு இறங்கலை. தட்டிலே முட்டையைப் பார்த்தா எழுந்து போயிடுவேன். மேடையிலே ஏறிச் சிரிக்க வைக்கணுமே, அதுதானே நமக்குத் தொழில்? வாய் சிரிப்பு பேசும், மனசு அந்தக் காட்டிலே நிக்கும். வலிக்கலைன்னு நான் சொல்லவே இல்லை. வலிச்சது. ஆனா வலிக்கிறது எல்லாம் காயம் ஆகாது ஐயா. முள்ளு குத்தும்போதும் வலிக்கும். அந்த முள்ளை எடுக்கும்போதும் வலிக்கும். எதிரணி ரெண்டு வலியையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க! (பலத்த கைதட்டல்)

ஊருக்கு வந்தேன். அப்பாகிட்டே எப்படிச் சொல்றது? நாலு நாள் சொல்லலை. அஞ்சாம் நாள் ராத்திரி திண்ணையிலே உட்கார்ந்து சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். அரைஞாண்கொடி வரைக்கும் வந்ததும், அவர் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கிட்டார். அப்புறம் ஒரு சத்தம் வந்தது பாருங்க. எழுபத்தஞ்சு வயசு மனுஷர், தகப்பன் செத்த சேதி கேட்டு அழுறார். அறுபத்தொன்பது வருஷம் கழிச்சு வந்த சாவுச் சேதி. “ஓடிப்போகலையா? அவர் ஓடிப்போகலையா?” இதையே திரும்பத் திரும்பக் கேட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு, “எவ்வளவு திட்டியிருக்கேன்டா”ன்னார். அப்புறம், “அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா...”ன்னு ஆரம்பிச்சு முடிக்கலை.

அடுத்து வந்த ஆடி அமாவாசைக்கு முசிறிக் காவேரியிலே இறங்கினார். அந்த வயசு வரைக்கும் அவர் தகப்பனுக்கு ஒரு சொட்டு எள்ளுத் தண்ணி விட்டதில்லை. திதி தெரியாது, செத்தாரா இருக்காரான்னும் தெரியாது, எப்படி விடுறது? அன்னைக்குத்தான் முதல் தடவை. ஐயர் கேட்டார், “தகப்பனார் பேர் சொல்லுங்கோ.” என் காதாலே நான் அன்னைக்குத்தான் கேட்டேன் ஐயா. எங்க அப்பா வாயாலே தாத்தா பேரை முழுசாச் சொன்னார். அதுவரைக்கும் ஒரு எழுத்தா இருந்த மனுஷர் அன்னைக்குத்தான் எங்க வீட்டிலே முழுப் பேரா ஆனார். (கைதட்டல்) அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் அப்பா இருந்தார். 2017-லே காலமானார். அந்த அஞ்சு வருஷத்திலே அவர் முகத்திலே நான் பார்த்த அமைதியை அதுக்கு முன்னாலே பார்த்ததே இல்லை.

இப்போ எதிரணிக்கு வர்றேன். மூணு கேள்வி கேட்டாங்க.

முதல் கேள்வி. “தேடினா செத்தவன் திரும்பி வருவானா?” வரமாட்டான் ஐயா. ஆனா அவன் மேலே இருந்த பழி திரும்பிப் போகும். எங்க தாத்தாவைக் கொன்னது காலரா. ஆனா எங்க தாத்தாவை ‘ஓடிப்போனவன்’ ஆக்கினது எது? காலரா இல்லை. தகவல் இல்லாமைதான். அந்த ரெண்டாவது சாவிலேயிருந்து அவரை எழுப்ப முடியும். நாங்க எழுப்பினோம்.

ரெண்டாவது கேள்வி. “தெரிஞ்சுக்கிட்டா வெறுப்புத்தானே வளரும்?” நல்ல கேள்வி. நானும் அந்தப் பெரியவர்கிட்டே கோபமாத்தான் கேட்டேன்: “பேர் வாசிச்ச கிராணி யாரு? நம்ம ஆளுதானே?” பெரியவர் சொன்னார், “நம்ம ஆளுதான் தம்பி. பேரு கொடுக்கலேன்னா அவரையே லோரியிலே ஏத்தியிருப்பான். அவரும் அன்னைக்கு லயத்துப் பக்கம் வந்து அழுதாரு.” அந்தக் கிராணிக்கும் பேரன் இருப்பான் ஐயா. ஒருவேளை இன்னைக்கு அவனும் தேடிக்கிட்டு இருப்பான். எதிரணி என்னைக் கேட்கலாம், “உங்க தாத்தாவே அந்தக் கிராணியா இருந்திருந்தா?” அப்பவும் தேடியிருக்கணும்னுதான் சொல்லுவேன். துயரம் பட்டவன் வீடு மட்டும் தெரிஞ்சுக்கிட்டாப் போதாது. துயரத்துக்குக் கை கொடுத்தவன் வீடும் தெரிஞ்சுக்கணும். அரைகுறையாத் தெரிஞ்சதுதான் வெறுப்பை வளர்க்கும். எங்க அப்பா தன் தகப்பனை வெறுத்தது எப்போ? அரைகுறையாத் தெரிஞ்சபோது. (கைதட்டல்)

மூணாவது கேள்வி. “ஒரு குடும்பத்துக் கண்ணீரை ஊருக்கு ஏன் சொல்லணும்?” 2013-லே நான் தாய்லாந்திலே காஞ்சனபுரிக்குப் போனேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ராணுவக் கல்லறைத் தோட்டம். கிட்டத்தட்ட 7,000 கல்லறை. புல்லுக்கு நடுவிலே வரிசை வரிசையாக் கல். ஒவ்வொரு கல்லிலும் வெண்கலத் தகடு. பேர், படைப்பிரிவு, செத்த தேதி, வயசு. இருபத்தொண்ணு, இருபத்து மூணுன்னு சின்னப் பசங்க. அவங்களுக்காகவும் அழுதேன் ஐயா. அவங்களும் பெத்த தாய்க்குப் பிள்ளைங்கதானே? ஆனா சுத்திச் சுத்தித் தேடினேன். எங்க தாத்தா பேர் எங்கேயும் இல்லை. 1990-லே அந்தக் காஞ்சனபுரியிலேயே ஒரு பெரிய புதைகுழியைத் தோண்டினாங்க. நூத்துக்கணக்கிலே எலும்புக்கூடு. ஒண்ணுக்கும் பேர் இல்லை. பக்கத்துத் தண்டவாளத்திலே இன்னைக்கும் நாம் டோக் வரைக்கும் ரயில் ஓடுது. சுற்றுலாப் பயணிங்க ஜன்னல்லே கையை நீட்டிப் போட்டோ எடுக்கிறாங்க.

அதே காஞ்சனபுரியிலே இப்போ தமிழர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பியிருக்காங்க. செத்தவனுக்குக் கல் நட்டுப் பேரைப் பொறிக்கிறது நம்ம பழைய வழக்கம். பேர் தெரியாதவங்களுக்கும் ஒரு கல் வந்தது எப்படி? பிழைச்சு வந்தவங்க வாய்விட்டுச் சொன்னாங்க. பிள்ளைங்க, பேரப் பிள்ளைங்க தேடினாங்க. அவங்க எல்லாம் “எதுக்குக் கிளறணும்?”னு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, விசில் அடிக்கிற படம் மட்டும்தான் சரித்திரமா நின்னிருக்கும்! (பலத்த கைதட்டல்)

இன்னொரு ஊரைப் பாருங்க. தென்னாப்பிரிக்கா, நேட்டால். 1860 நவம்பர் 16-ந்தேதி, சென்னையிலேயிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுதான் முதல் கப்பல். 1911 வரைக்கும் 1,52,000 பேருக்கு மேலே ஒப்பந்தக் கூலியாப் போனாங்க. அங்கே கப்பல் பட்டியல் இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண், பேர், தகப்பன் பேர், வயசு, கிராமம், உடம்பிலே இருந்த தழும்பு வரைக்கும் எழுதி வச்சிருக்காங்க. மாட்டுச் சந்தைக் கணக்கு மாதிரி எழுதினதுதான். ஆனா இன்னைக்கு அவங்க வாரிசுங்களுக்கு அந்தத் தழும்புதான் முகவரி. ஒரு எண்ணையும் ஒரு கிராமத்துப் பேரையும் கையிலே வச்சுக்கிட்டு, தமிழ் பேசவே தெரியாத ஒரு பொண்ணு நம்ம ஊர்த் தெருவிலே வந்து நிக்கிறான்னு வைங்க. அவகிட்டே போய், “ஏம்மா காயத்தைக் கிளறுறே?”ன்னு எதிரணி கேட்பாங்களா? நம்ம ஊர்ப் பாட்டி என்ன செய்வா? “வா தாயி, யாரு வீட்டுப் புள்ள நீ?”ன்னு கேட்பா. (கைதட்டல்)

“யாரு வீட்டுப் புள்ள?” அந்த ஒரு கேள்விக்குப் பதில்தான் ஐயா இந்தத் தேடல் எல்லாம். பதிலிலே கண்ணீர் இருக்கலாம். கண்ணீர் இருக்குங்கிறதுக்காகப் பதிலே வேண்டாம்னு சொல்லலாமா?

நடுவர் அவர்களே, ஒண்ணு சொல்லி முடிச்சுக்கிறேன். பேரன்ங்கிற சொல்லே பெயரன்ங்கிறதிலேயிருந்து வந்ததுதான். பாட்டன் பேரைத் தாங்குறவன். எனக்கு என் தாத்தா பேரை வைக்கலை. அப்பாயி விடலை. “அவுக வந்துட்டா, புருஷன் பேரைச் சொல்லி இவனை நான் எப்படிக் கூப்பிடுறது?”ன்னாங்க. அவர் வருவார்னு அவ்வளவு நம்பினாங்க. 2021-லே என் மகளுக்கு ஒரு பையன் பிறந்தான். அந்தப் பேரை அவனுக்கு வச்சோம். அவன் பிறந்த பதினாறாம் நாள் ஒரு வெள்ளி அரைஞாண்கொடி வாங்கிக் கட்டினேன். சயாமிலே ஒரு முழுக் கொடி அரிசியாப் போச்சு, ஒரு உயிரா நின்னுச்சு. அந்தக் கொடியுடைய கதையை அவனுக்கு வயசு வந்ததும் சொல்லுவேன். அழுவான். அழட்டும். ஆனா அவனை யாரும் ‘ஓடிப்போனவன் எள்ளுப்பேரன்’னு சொல்ல முடியாது!

தாய்மார்களே, பெரியோர்களே, இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டிலே ரொம்ப மூத்தவங்க யாரோ, அவங்க பக்கத்திலே போய் உட்காருங்க. “உங்க தாத்தாவுக்கு என்ன ஆச்சு?”ன்னு ஒரு கேள்வி கேளுங்க. அவங்க சொல்றதை ஒரு நோட்டிலே எழுதுங்க. அந்த முசிறி அண்ணனைத் தெரிஞ்ச பெரியவர், நான் பார்த்துட்டு வந்த அடுத்த வருஷமே காலமாயிட்டார். ஒரு வருஷம் தள்ளிப் போயிருந்தா எங்க தாத்தா இன்னைக்கும் ஓடிப்போனவராகவே இருந்திருப்பார்.

ஆகவே, முன்னோர் பட்ட துயரத்தைத் தேடித் தெரிந்துகொள்வது காயத்தைக் கிளறுவது அல்ல, காயத்தை ஆற்றுவதே, ஆற்றுவதே என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)